கிலோவா, பாரா, பாஸ்கலா? அழுத்த அலகுகளை மாற்றும் வழி

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் வாரமே குழப்புவது பிரஷர் கேஜ். கம்ப்ரசர் ரூமில் மூத்த ஆபரேட்டர், "ஆறு கிலோ வந்துடுச்சா பாரு தம்பி" என்பார். போய்ப் பார்த்தால் முள் 0.59-இல் நிற்கும். அதே லைனில் இன்னொரு கேஜ் 85 காட்டும். இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் புரட்டினால் 588 என்று இருக்கும். நான்கும் ஒரே காற்று, ஒரே அழுத்தம். ஆபரேட்டர் சொன்னது கிலோ/செ.மீ², முதல் கேஜ் மெகாபாஸ்கல், இரண்டாவது பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு); கையேடு கிலோபாஸ்கல்.

ஃபோனிலேயே யூனிட் கன்வர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தவறான அலகைத் தட்டினாலும் அது கூசாமல் ஒரு விடையைத் தரும். அந்த விடை நம்பத்தக்கதா என்று பார்க்க உங்கள் தலைக்குள் ஒரு கணக்கு ஓட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பத்து மடங்கு, நூறு மடங்கு பிசகுகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். கண்ணில் படாமல் நழுவுபவை இரண்டு. கிலோவும் பாரும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வதால் வரும் 2 சதவீதம் ஒன்று. பூஜ்யத்தை எங்கிருந்து எண்ணுகிறோம் என்று கேட்காததால் வரும் ஒரு முழு வளிமண்டலம் மற்றொன்று.

முதல் படி: அலகுகளை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள்

முதல் கூட்டத்துக்குக் கால்குலேட்டரே வேண்டாம். புள்ளியை நகர்த்தினால் போதும். பாஸ்கல், ஹெக்டோபாஸ்கல், கிலோபாஸ்கல், மெகாபாஸ்கல், பார், மில்லிபார் எல்லாம் இந்தக் கூட்டம்.

இவற்றுக்கு அடிப்படை பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு நியூட்டன் விசை அழுத்தினால் அது ஒரு பாஸ்கல். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பெயரை இந்த அலகுக்குச் சூட்டியது 1971-இல். எவ்வளவு சின்ன அழுத்தம் என்று தெரிய வேண்டுமானால், ஜெராக்ஸ் கடையில் போடும் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றை மேசை மேல் விரித்துப் பாருங்கள். அந்தத் தாள் தன் எடையால் மேசையை அழுத்துவது சுமார் 0.8 பாஸ்கல். இவ்வளவு சின்ன அலகை வைத்துக்கொண்டு டயருக்குக் காற்று அடிக்க முடியாது. அதனால்தான் கிலோ, மெகா என்று முன்னால் ஒட்டுகிறோம்.

1 ஹெக்டோபாஸ்கல் = 100 பாஸ்கல்
1 கிலோபாஸ்கல் = 1,000 பாஸ்கல்
1 பார் = 1,00,000 பாஸ்கல் = 100 கிலோபாஸ்கல்
1 மெகாபாஸ்கல் = 1,000 கிலோபாஸ்கல் = 10 பார்
1 மில்லிபார் = 100 பாஸ்கல், அதாவது 1 ஹெக்டோபாஸ்கலேதான்

பார் சர்வதேச அலகு முறைக்குள் சேராதது. ஆனாலும் சரியாக ஒரு லட்சம் பாஸ்கல் என்று வரையறுத்திருப்பதால் நமக்குத் தொந்தரவு தருவதில்லை. 0.7 மெகாபாஸ்கல் என்றால் 7 பார், 700 கிலோபாஸ்கல். சி.என்.ஜி. வண்டியில் 200 பார் நிரப்புகிறார்கள் என்றால் அது 20 மெகாபாஸ்கல். இந்தக் கூட்டத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் பெருக்கியே தீர வேண்டும். கிலோ/செ.மீ², மி.மீ. பாதரசம், மீட்டர் நீர், வளிமண்டலம் ஆகியவை இதில் சேரும். மெட்ரிக் அல்லாத பி.எஸ்.ஐ.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் பெட்ரோல் பங்க் முதல் ஏ.சி. மெக்கானிக் வரை அது இல்லாமல் வேலை நடக்காது. இவை பாஸ்கலோடு முழு எண்ணாகப் பொருந்தாததற்குக் காரணம், இவற்றில் பெரும்பாலானவை எடையையும் திரவத்தின் உயரத்தையும் வைத்துப் பிறந்தவை. எடை என்றால் புவியீர்ப்பு உள்ளே வந்துவிடும். 9.80665 என்ற எண் அதனால்தான் இந்தக் கணக்கில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவாருங்கள்

ஒவ்வோர் அலகிலிருந்தும் மற்ற எல்லா அலகுகளுக்கும் தனித்தனியாக எண் மனப்பாடம் செய்தால் முப்பது, நாற்பது எண்கள் ஆகும். வேண்டாம். கிலோபாஸ்கலை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலகில் வந்தாலும் முதலில் கிலோபாஸ்கல் ஆக்கி, அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போங்கள். அப்போது ஆறு எண்களே போதும்:

1 பார் = 100 கிலோபாஸ்கல்
1 கிலோ/செ.மீ² = 98.07 கிலோபாஸ்கல் (துல்லியமாக 98.0665)
1 பி.எஸ்.ஐ. = 6.895 கிலோபாஸ்கல்
1 மி.மீ. பாதரசம் = 0.1333 கிலோபாஸ்கல்
1 மீட்டர் நீர் = 9.807 கிலோபாஸ்கல்
1 வளிமண்டலம் = 101.325 கிலோபாஸ்கல்

உள்ளே வரும்போது பெருக்கு, வெளியே போகும்போது வகு. முறை அவ்வளவுதான்.

கம்ப்ரசர் ரூம் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 6 கிலோ/செ.மீ² உள்ளே வருகிறது: 6 × 98.07 = 588.4 கிலோபாஸ்கல். மெகாபாஸ்கலாக வேண்டுமா? புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் தள்ளுங்கள்: 0.588. பாராக வேண்டுமா? இரண்டு இடம்: 5.88. பி.எஸ்.ஐ. வேண்டுமா? 588.4 ÷ 6.895 = 85.3. மேலே பார்த்த நான்கு எண்களும் கிடைத்துவிட்டன.

விடை வந்ததும் ஒரு சோதனை. அலகு பெரிதானால் எண் சிறிதாக வேண்டும். அலகு சிறிதானால் எண் பெரிதாக வேண்டும். பார் பெரிய அலகு, பி.எஸ்.ஐ. சின்ன அலகு. பாரிலிருந்து பி.எஸ்.ஐ.க்கு மாற்றிய பிறகு எண் குறைந்திருந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கையில் கால்குலேட்டர் இல்லாத நேரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பி.எஸ்.ஐ.யை 7-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் கிலோ வந்துவிடும். 25 பி.எஸ்.ஐ.யா? 25 × 7 = 175, ஆக 1.75 கிலோ. 33 என்றால் 2.31 (கால்குலேட்டர் 2.32 என்கும்). திருப்பிப் போக, கிலோவை 14-ஆல் பெருக்கிக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சரியான எண் 14.22. பாராக இருந்தால் பெருக்க வேண்டியது 14.5.

பைக்கின் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரை உற்றுப் பாருங்கள். 175 கிலோபாஸ்கல், 1.75 கிலோ/செ.மீ², 25 பி.எஸ்.ஐ. என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். இப்போது உங்களுக்குக் கணக்குத் தெரியும். 175 கிலோபாஸ்கல் என்பது 1.78 கிலோ, பி.எஸ்.ஐ.யில் 25.4. மூன்றும் அச்சு அசலாக ஒன்றல்ல. வசதிக்காகச் சற்று வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். டயருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு "கிலோவை நூறால் பெருக்கினால் கிலோபாஸ்கல்" என்று மனதில் பதித்துக்கொண்டால் அடுத்த பகுதியில் சொல்லப்போகும் சிக்கலில் மாட்டுவீர்கள்.

மூன்றாம் படி: அந்த 2 சதவீதம் உங்களுக்கு முக்கியமா என்று கேளுங்கள்

"கிலோவும் பாரும் ஒண்ணுதான் தம்பி." இதை எந்த ஆலையிலும் யாராவது சொல்லத்தான் சொல்வார்கள். பாதி நேரம் அவர் சொல்வதும் சரியே. 1 கிலோ/செ.மீ² என்பது 0.980665 பார். வித்தியாசம் ஏறக்குறைய 2 சதவீதம்.

எப்போது விட்டுவிடலாம், எப்போது கூடாது என்பதைக் கேஜே சொல்லும். டயலில் கீழ்ப்பக்கம் சின்னதாக 1.6 அல்லது 1.0 என்று ஓர் எண் இருக்கும். அது துல்லிய வகுப்பு. 1.6 என்றால், டயலின் முழு அளவில் 1.6 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்று பொருள். 0 முதல் 10 வரையுள்ள கேஜ் என்றால் 0.16. நம் 6 கிலோவுக்கும் 6 பாருக்கும் வித்தியாசம் 0.12 பார். கேஜின் சொந்தப் பிசகுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. இன்ஸ்ட்ருமென்ட் ஏர் லைனைப் பார்த்து லாக் ஷீட் எழுதும்போது இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

இப்போது 150 கிலோ/செ.மீ² எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர், ஹைட்ராலிக் பவர் பேக் எல்லாம் இந்த வட்டாரத்தில் இருக்கும். 150 கிலோ என்பது 147.1 பார். வித்தியாசம் கிட்டத்தட்ட 3 பார். 0 முதல் 250 வரையுள்ள 1.0 வகுப்பு கேஜில் அனுமதி 2.5-தான். இங்கே அலகைக் குழப்பினால் நல்ல கேஜைக் கெட்டது என்று கழற்றி எறிவீர்கள். அல்லது கெட்ட கேஜுக்குச் சான்று கொடுத்துவிடுவீர்கள். சேஃப்டி வால்வு செட்டிங், கேலிபரேஷன் சர்ட்டிஃபிகேட், ஹைட்ரோ டெஸ்ட் ஆகிய மூன்றிலும் 0.980665 என்ற முழு எண்ணையே போடுங்கள். வாய்ப்பேச்சில் எப்படியும் இருக்கட்டும், தாளில் கூடாது.

இந்த 2 சதவீதம் அதிகம் ஒளிந்திருக்கும் இடம், அழுத்தத்தை மின் சிக்னலாக்கி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். ஃபீல்டில் 0 முதல் 10 கிலோ/செ.மீ² என்று ரேஞ்ச் வைத்திருப்பார்கள்; கன்ட்ரோல் ரூம் திரையில் அதே டேகை (அந்த அளவீட்டுக்கு வைத்த பெயர்) 0 முதல் 10 பார் என்று யாரோ கட்டியிருப்பார்கள். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள சிக்னலில் சரிபாதியான 12 வந்தால் திரை 5.00 பார் என்று பளிச்செனக் காட்டும். உண்மை 4.90. அலாரம் அடிக்காது, டிரிப் ஆகாது, யாருக்கும் சந்தேகமும் வராது. டிரான்ஸ்மிட்டர் முதல் திரை வரை சரிபார்க்கும் லூப் செக் செய்யும்போது டிரான்ஸ்மிட்டர் நேம் பிளேட்டில் உள்ள அலகையும் திரையில் உள்ள அலகையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பூஜ்யம் எங்கே?

நான் சொல்ல வந்ததில் கனமான பகுதி இதுதான், மெதுவாகவே படியுங்கள்.

எதனோடும் இணைக்காமல் மேசை மேல் கிடக்கும் கேஜ் பூஜ்யம் காட்டும். ஆனால் அதைச் சுற்றிலும் காற்று அழுத்திக்கொண்டேதான் இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், 1.033 கிலோ. கேஜ் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டுமே காட்டுகிறது. இது கேஜ் பிரஷர். ஒன்றுமே இல்லாத முழு வெற்றிடத்திலிருந்து எண்ணினால் அது அப்சல்யூட் பிரஷர்.

அப்சல்யூட் = கேஜ் + அந்த இடத்து வளிமண்டல அழுத்தம்

"அந்த இடத்து" என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். 101.325 என்பது கடல் மட்டத்துக்காக ஒப்புக்கொண்ட ஒரு நிலையான எண். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அதைப் போடலாம். கோயம்புத்தூர் 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் அங்கே 96, 97 கிலோபாஸ்கல்தான். பெங்களூரில் சுமார் 91. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே சுமார் 77. மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது என்பதைப் பாஸ்கல் 1648-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார். உடல்நலம் இடம்கொடுக்காததால் மலை ஏறியது அவருடைய அக்காள் கணவர் பெரியே. பிரான்ஸின் பூய் தெ தோம் மலை உச்சிக்குப் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய் அளந்துவந்தார்.

வானிலை ஆப்பில் ஊட்டிக்கு 1,013 என்பது போல ஒரு எண் வருகிறதே என்று கேட்பீர்கள். அது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட அப்படித் திருத்திக் காட்டுகிறார்கள். அதை எடுத்து மேலே உள்ள கணக்கில் போட்டுவிடாதீர்கள். 24 கிலோபாஸ்கல் தவறும். ஃபோனிலேயே பாரோமீட்டர் சென்சார் இருந்தால் அது காட்டுவது நின்ற இடத்து அழுத்தம், அதைப் போடலாம்.

வீட்டு அடுப்பிலேயே இதைச் சரிபார்க்கலாம். பிரஷர் குக்கர் விசில் அடிப்பது சுமார் 1 கிலோ/செ.மீ² கேஜ் அழுத்தத்தில், அதாவது 98 கிலோபாஸ்கல். வெயிட் தூக்கிக்கொள்வது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்ததால் ஊருக்கு ஊர் இந்த எண் மாறாது. ஆனால் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதை முடிவு செய்வது அப்சல்யூட். சென்னையில் 98 + 101 = 199 கிலோபாஸ்கல்; கொதிநிலை 120 டிகிரி. ஊட்டியில் 98 + 77 = 175; கொதிநிலை 116 டிகிரி. பருப்புக்கு இரண்டு விசில் கூட வைக்க வேண்டும் என்று மலைவாழ் மக்கள் சொல்வதில் இந்தக் கணக்கு இருக்கிறது. திறந்த பாத்திரமென்றால் ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

வாயுவின் கொள்ளளவு கணக்கிலும் அப்சல்யூட்தான் வேண்டும். 100 லிட்டர் ஏர் டேங்க் 7 பார் கேஜ் காட்டினால், உள்ளே இருப்பது சாதாரணக் காற்றாக விரித்தால் 700 லிட்டர் என்று பலரும் சொல்வார்கள். இருப்பது 800. கேஜ் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும் டேங்க் நிறைய, 100 லிட்டர், காற்று இருக்கும். நீங்கள் வெளியே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது 700.

வேக்குவம் கேஜுக்கு வாருங்கள். அது பெரும்பாலும் மி.மீ. பாதரசத்தில் இருக்கும், பூஜ்யத்திலிருந்து மைனஸ் 760 வரை. முள் மைனஸ் 600-இல் நின்றால்: 600 × 0.1333 = 80 கிலோபாஸ்கல். வெளிக்காற்றைவிட அவ்வளவு குறைவு. சென்னையில் உள்ளே மிச்சம் இருப்பது 101.3 − 80 = 21.3 கிலோபாஸ்கல் அப்சல்யூட். இதே மைனஸ் 600-ஐ ஊட்டியில் ஒரு பம்ப் எட்டுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 77 − 80 என்று வரும். மைனஸில் அப்சல்யூட் அழுத்தம் கிடையாது. உலகத்திலேயே சிறந்த வேக்குவம் பம்பைக் கொண்டுவந்து வைத்தாலும் அங்கே முள் 580-ஐத் தாண்டாது. பம்ப் சர்வீஸ் செய்கிறவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

ஆகவே ஓர் எண்ணை மாற்றும் முன், அது கேஜா அப்சல்யூட்டா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அலகுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன 'ஜி' கேஜ். சின்ன 'ஏ' அப்சல்யூட். பழைய டர்பைன் புத்தகங்களில் 'அடா' என்று வருவது கிலோ/செ.மீ² அப்சல்யூட். ஒன்றும் எழுதாமல் இருந்தால் டயர், கம்ப்ரசர், தண்ணீர் லைன் ஆகியவற்றில் கேஜ் என்று எடுத்துக்கொள்ளலாம். வானிலை என்றால் அப்சல்யூட். கண்டன்ஸர் போன்ற இடங்களில் ஊகிக்காதீர்கள், கேட்டுவிடுங்கள்.

மாடித் தொட்டியும் சலவை இயந்திரமும்

தண்ணீர் சம்பந்தப்பட்ட இடங்களில் அழுத்தத்தை மீட்டரில் சொல்வது வழக்கம். பம்ப் பெட்டி மேல் 'ஹெட்' என்று போட்டிருப்பது அதுதான். 10 மீட்டர் நீர் என்றால் கிட்டத்தட்ட சரியாக 1 கிலோ/செ.மீ². பாராகச் சொன்னால் 10.2 மீட்டர் நீருக்கு 1 பார். குழாயின் விட்டத்துக்கோ தொட்டியின் கொள்ளளவுக்கோ இதில் வேலையில்லை, உயரம் மட்டுமே.

புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தின் கையேட்டில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் 0.05 மெகாபாஸ்கல் என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? 0.05 மெகாபாஸ்கல் = 50 கிலோபாஸ்கல். 50 ÷ 9.807 = 5.1 மீட்டர். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் இயந்திரத்தின் இன்லெட்டுக்கும் இடையே 5.1 மீட்டர், அதாவது ஏறக்குறைய 17 அடி, உயர வித்தியாசம் வேண்டும். தரைத்தளத்தில் இயந்திரம், முதல் மாடிக்கு மேல் மொட்டை மாடியில் தொட்டி என்றால் கிடைத்துவிடும். அதே இயந்திரத்தை முதல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பத்து, பன்னிரண்டு அடிதான் தேறும். தண்ணீர் ஏறாமல் பிழை காட்டி நிற்கும். பிரஷர் பூஸ்டர் பம்ப் போட வேண்டியிருக்கும். சர்வீஸ்காரரை அழைக்கும் முன் ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

மிகச் சிறிய அழுத்தங்களுக்கு இதே முறையில் மி.மீ. நீர் உண்டு. 1 மி.மீ. நீர் = 9.807 பாஸ்கல். பாய்லர் ஃபர்னஸ் டிராஃப்ட் (உலைக்குள் இருக்கும் மெல்லிய இழுவை அழுத்தம்) மைனஸ் 5 மி.மீ. என்றால் மைனஸ் 49 பாஸ்கல். வீட்டுச் சமையல் எரிவாயு ரெகுலேட்டர் 30 கிராம்/செ.மீ² என்ற அழுத்தத்தில் அடுப்புக்கு வாயுவை விடுகிறது: 300 மி.மீ. நீர், 2.94 கிலோபாஸ்கல், 29.4 மில்லிபார். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் ஓடுவது எவ்வளவு மெல்லிய அழுத்தம் என்பதை இந்த எண்ணைப் பார்த்தால்தான் பலரும் நம்புவார்கள்.

சிமென்ட் பக்கம் இருப்பவர்களுக்கு

கட்டடத் துறையில் அழுத்தம் என்று சொல்லாமல் தகைவு, வலிமை என்று சொல்வார்கள், அலகு அதேதான். ஒரு சதுர மி.மீ. மேல் ஒரு நியூட்டன் என்றால் அது சரியாக 1 மெகாபாஸ்கல். எம் 25 கான்கிரீட் என்பதில் உள்ள 25, அந்த நியூட்டன்/மி.மீ². சோதனைக்கு வார்க்கும் 150 மி.மீ. கியூபின் முகப்பு 22,500 சதுர மி.மீ.; 25-ஆல் பெருக்கினால் 5,62,500 நியூட்டன், அதாவது 562.5 கிலோநியூட்டன். டெஸ்டிங் மெஷின் முள் அதைத் தாண்டினால்தான் அந்தக் கியூப் 25-ஐ எட்டியது என்று பொருள். எஃப்.இ. 500 கம்பியில் உள்ள 500-உம் இதே அலகுதான்.

பழைய வரைபடங்களைக் கையில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் 1964 பதிப்பில் கலவைகளுக்கு எம் 150, எம் 200, எம் 250 என்று பெயர்; அவை கிலோ/செ.மீ². 1978 பதிப்பில் நியூட்டன்/மி.மீ²-க்கு மாறியபோது எம் 15, எம் 20, எம் 25 ஆயின. 250 கிலோ/செ.மீ² கணக்குப்படி 24.5 மெகாபாஸ்கல்தான், அதை 25 என்று முழுமையாக்கினார்கள். நாம் மேலே பார்த்த அதே 2 சதவீதம். மண்ணின் தாங்குதிறனை டன்/மீ² என்று சொல்வார்கள். 10-ஆல் வகுத்தால் கிலோ/செ.மீ², 9.807-ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல்.

ரத்த அழுத்தமும் புயலும்

ரத்த அழுத்தம் மி.மீ. பாதரசத்தில். 7.5-ஆல் வகுத்தால் கிலோபாஸ்கல்: 120/80 என்பது 16/10.7. இதுவும் கேஜ் அழுத்தமே. டாக்டரிடம் போய் கிலோபாஸ்கலில் சொல்ல வேண்டாம்; நம் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

வானிலை அறிக்கையில் ஹெக்டோபாஸ்கல் வரும், பழைய பதிவுகளில் மில்லிபார். எண் மாறாது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலின் மைய அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் என்று மதிப்பிட்டார்கள். வழக்கமான 1,013-லிருந்து 101 குறைவு, அதாவது 10.1 கிலோபாஸ்கல். அதை 9.807-ஆல் வகுத்தால் 1.03 மீட்டர் நீர். மேலே காற்றின் பாரம் அவ்வளவு குறைந்ததால் மட்டுமே புயல் மையத்தில் கடல் ஒரு மீட்டர் உயரும். சூறைக்காற்று தள்ளிக்கொண்டுவரும் அலை அதற்கு மேல். ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் ஒரு செ.மீ. கடல் ஏறும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மெகாபாஸ்கலுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து எம். மில்லிபாஸ்கலுக்குச் சிறிய எழுத்து எம். இரண்டுக்கும் நூறு கோடி மடங்கு வித்தியாசம். மெசேஜில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் தட்டிவிடும் பழக்கம் இருந்தால் இந்த ஓர் இடத்தில் விட்டுவிடுங்கள்.

கேஜில் இரண்டு வட்டம் இருக்கும். வெளிவட்டம் ஒரு நிறம், உள்வட்டம் வேறு நிறம். பாரும் பி.எஸ்.ஐ.யும் எந்த வட்டத்தில் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். முள் நுனி வெளிவட்டத்தைத் தொடுவதால் அவசரத்தில் அதையே படித்துவிடுவோம். எந்த வட்டத்தைப் படித்தீர்கள் என்று லாக் ஷீட்டில் அலகோடு சேர்த்தே எழுதுங்கள். வெறும் "6" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரருக்கு அதனால் பயன் இல்லை.

மாற்றிய எண்ணில் இல்லாத துல்லியத்தைக் காட்டாதீர்கள். கேஜில் 6 என்று கண்ணால் படித்துவிட்டு 5.88399 பார் என்று ஷீட்டில் எழுதுவது வேடிக்கை. 5.9 போதும். இடையில் கணக்குப் போடும்போது எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்.

கையில் பிடிக்கும் டிஜிட்டல் கேலிபரேட்டர் வந்தால் அதன் யூனிட் மெனுவை நிதானமாகப் பாருங்கள். மி.மீ. நீர் என்பதற்கே 4 டிகிரி, 20 டிகிரி என்று இரண்டு வரிகள் இருக்கலாம். சூடானால் தண்ணீரின் அடர்த்தி குறைவதால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 0.18 சதவீதம் வித்தியாசம் வரும். டிராஃப்ட் கேஜுக்கு அது பொருட்டே இல்லை. டிஃபரன்ஷியல் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை 0.1 சதவீதத்துக்குள் சான்றளிக்க வேண்டுமானால், டேட்டா ஷீட்டில் எந்த வெப்பநிலை என்று பார்த்து அதே வரியைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா ஷீட் சொல்லவில்லை என்றால் கேலிபரேட்டர், டிரான்ஸ்மிட்டர் இரண்டையும் கிலோபாஸ்கலுக்கு மாற்றிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.